கணினிப் பக்கம், வாசகர் கேள்வி பதில்: மின்னஞ்சலில் சிவப்புக் கோடும் ரைட் கிளிக் மெனுவும்

இம்மாதம் நீலகிரியிலிருந்தும் பழனி மலைத்தொடரிலிருந்தும் வந்த கடிதங்களில் பல, மின்னஞ்சல் எழுதும்போது சொற்களின் கீழ் விழும் சிவப்பு நெளிகோட்டையும், அந்தச் சொல்லின் மேல் ரைட் கிளிக் செய்தால் வரவேண்டிய திருத்தப் பட்டியல் வராமற்போவதையும் பற்றியே இருந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஆறு கேள்விகளாகத் தொகுத்திருக்கிறேன். விடைகளைப் படிக்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கோட்டை இடுவதும் மெனுவை விரிப்பதும் எப்போதும் மின்னஞ்சல் மென்பொருளாகவே இருக்க வேண்டியதில்லை. சில நேரம் அது பிரவுசராக இருக்கும், சில நேரம் பிரவுசரில் நாம் சேர்த்த எக்ஸ்டென்ஷன் என்ற கூடுதல் கருவியாக இருக்கும், சில நேரம் விண்டோஸாகவே இருக்கும். கோடு யாருடையது, மெனு யாருடையது என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால் தேடவேண்டிய இடம் சுருங்கிவிடும். அதைச் செய்யாமல் கண்ணில் பட்ட அமைப்புகளையெல்லாம் மாற்றிப் பார்த்தால், சரியாக இருந்ததும் கெட்டுப்போகும். எதை மாற்றினோம் என்ற நினைவும் இராது.

கேள்வி: ஐயா, வணக்கம். கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் சங்கம் ஒன்றின் கடிதப் போக்குவரத்தைக் கவனித்து வருகிறேன். தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதும்போது தமிழ்ச் சொற்கள் அனைத்தின் கீழும் சிவப்புக் கோடு விழுகிறது. ரைட் கிளிக் செய்தால் பரிந்துரை எதுவும் இல்லை என்கிறது. தமிழ் அகராதியைச் சேர்த்த பிறகு நிலைமை ஓரளவு சீரானாலும், 'கௌரவம்' என்ற சொல்லின் கீழ் மட்டும் சில கடிதங்களில் கோடு விழுகிறது, சில கடிதங்களில் விழுவதில்லை. சொல் இரண்டிலும் ஒன்றுதானே? (கோத்தகிரி வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது எளிதானது.

தண்டர்பேர்ட் பிழை பார்ப்பதற்கு ஹன்ஸ்பெல் என்ற கருவியைப் பயன்படுத்துகிறது. ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ் ஆகியவற்றுக்குள் இருப்பதும் இதுவே. லாஸ்லோ நேமெத் என்பவர் ஹங்கேரிய மொழிக்காக இதை உருவாக்கினார். நம் தமிழைப் போலவே ஹங்கேரிய மொழியும் வேர்ச்சொல்லின் மேல் விகுதிக்கு மேல் விகுதியாக அடுக்கிக்கொண்டு போகும் மொழி. ஆகவே இந்தக் கருவியின் அகராதி இரண்டு கோப்புகளாக இருக்கிறது. ஒன்றில் வேர்ச்சொற்களும், மற்றொன்றில் எந்த வேருடன் எந்த ஒட்டு எப்படிச் சேரும் என்ற விதிகளும் இருக்கும். ஆங்கில அகராதி மட்டும் இயங்கிக்கொண்டிருக்கும்போது தமிழ்ச் சொல்லை எழுதினால், அதை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அந்தக் கருவியிடம் எதுவுமே இருக்காது. எனவே கோடு விழும், பரிந்துரையும் வராது. இது பழுது அன்று.

மடல் எழுதும் சாளரத்தில், முகவரிப் பகுதியில் இல்லாமல் உள்ளடக்கப் பகுதியில் கர்சரை வைத்து ரைட் கிளிக் செய்தால், மெனுவில் 'லாங்குவேஜஸ்' என்ற வரி தென்படும். அதனுள் நிறுவப்பட்ட அகராதிகளின் பெயர்களும், புதிய அகராதி சேர்க்கும் வழியும் இருக்கும். தண்டர்பேர்டின் அண்மைப் பதிப்புகளில் ஆங்கிலம், தமிழ் இரண்டையும் ஒரே நேரத்தில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பழைய பதிப்புகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால், இரு மொழியும் கலந்து எழுதுகிறவர்களுக்குப் பதிப்பைப் புதுப்பிப்பதே முதல் மருந்து. எழுதப்போகும் எல்லா மடல்களுக்கும் இது பொருந்த வேண்டுமானால் 'செட்டிங்ஸ்' சென்று, 'கம்போசிஷன்' பகுதியில் 'ஸ்பெல்லிங்' என்பதன் கீழ் மொழிகளைக் குறித்து வையுங்கள். எழுதும்போதே பிழை பார்க்கும் வசதியை இயக்கும் கட்டமும் அங்கேதான் இருக்கிறது. கோடே விழவில்லை என்று எழுதியிருந்த மற்றொரு வாசகர் அந்தக் கட்டத்தை முதலில் பார்க்க வேண்டும்.

இனி 'கௌரவம்'. இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் தமிழில் எழுதும் பலர் பிழையே செய்யாமல் பிழை என்று பெயர் வாங்கும் இடம் இது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் என்ற குறியீட்டு முறையில் 'கௌ' என்பது 'க' என்ற எழுத்தும், அதை அடுத்து வரும் ஔகாரக் குறியும் சேர்ந்தது. ஔகாரக் குறி கண்ணுக்கு இரண்டு துண்டாகத் தெரிந்தாலும் அது ஒரே குறி. பழைய தட்டச்சுப் பழக்கம் உள்ளவர்கள் அந்த இடத்தில் ஒற்றைக் கொம்பை இட்டு, 'க' இட்டு, பிறகு 'ள' என்ற எழுத்தையே தட்டிவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று போலவே தெரியும். ஆனால் கணினியைப் பொறுத்தவரை இரண்டாவது 'கெளரவம்'. அதாவது 'கெ', 'ள', 'ர', 'வ', 'ம்'. அப்படி ஒரு சொல் எந்த அகராதியிலும் இல்லை.

உங்கள் கடிதத்தில் எது இருக்கிறது என்று அறிய ஒரு வழி சொல்கிறேன். 'கௌ' என்ற எழுத்துக்குப் பின்னால், 'ர' என்பதற்கு முன்னால் கர்சரை வைத்து, பேக்ஸ்பேஸ் விசையை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். 'க' மட்டும் மிஞ்சினால் நீங்கள் எழுதியது சரி. 'கெ' என்று கொம்போடு மிஞ்சினால், அழிந்தது 'ள' என்ற தனி எழுத்து. ஆகவே கோடு விழுந்ததும் சரியே. 'கொ', 'கோ' ஆகியவற்றுக்கும் இதே சோதனையைச் செய்யலாம். அங்கேயும் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டியிருந்தால், பேக்ஸ்பேஸ் அழுத்தியதும் காலெழுத்து மட்டும் போய்க் கொம்பு மிஞ்சும். யூனிகோட் விதிப்படி 'கொ', 'கோ' ஆகியவற்றின் இந்த இரண்டு வடிவமும் சமமானவைதான் என்றாலும், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் அகராதிகள் எல்லாம் அந்தச் சமத்தை மதிப்பதில்லை. உங்கள் சங்கத்தின் பழைய கடிதங்களிலிருந்து முகப்பு வரிகளையும் கையொப்ப வரிகளையும் நகலெடுத்து ஒட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அவற்றை ஒரு முறை புதிதாகத் தட்டி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை நிரந்தரமாகத் தீரும்.

கேள்வி: உதகமண்டலத்தில் பொதுமக்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்கிறேன். பாமினி எழுத்துருவில் தட்டிய நீண்ட மனு ஒன்றைத் தண்டர்பேர்ட் மடலில் ஒட்டினேன். தொடக்கத்தில் எல்லாச் சொல்லிலும் சிவப்புக் கோடு. ரைட் கிளிக் செய்தால் தொடர்பில்லாத ஆங்கிலச் சொற்கள் பரிந்துரையாக வருகின்றன. பாதிக்கு மேல் கோடே இல்லை. கோடில்லாத பகுதியில் பிழையில்லை என்று கொள்ளலாமா? (உதகை வாசகர்)

பதில்: கொள்ளக் கூடாது. இக்கேள்வியை எழுதி அனுப்பியதற்கு உங்களுக்கு நன்றி சொல்கிறேன். ஒருவருடைய நியாயம் அவர் எழுதிக் கொடுத்த தாளைப் பிறர் படிக்க முடிவதைப் பொறுத்தது என்பதால், இதைத் தயங்காமல் கேட்டது நல்லது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் என்பது ஒரு தோற்றம் மட்டுமே. 'அம்மா' என்று நீங்கள் தட்டும்போது கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அந்தக் குறிகளின் மேல் பாமினி எழுத்துரு தமிழ் வடிவங்களைப் போர்த்துகிறது. பிழைதிருத்தி போர்வையைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் ஆங்கிலக் குறிகளையே படிக்கிறது. அந்தக் குவியலுக்கு அருகில் எந்த ஆங்கிலச் சொல் வரும் என்று தேடி, அதைத்தான் ரைட் கிளிக் மெனுவில் உங்களுக்குக் காட்டுகிறது. இந்த நிலையில் எந்தத் தமிழ் அகராதியை நிறுவினாலும் பயன் இராது.

பாதிக்கு மேல் கோடு நின்றுபோனதற்குக் காரணம் வேறு. தண்டர்பேர்டில் ஒரு மடலுக்குள் பிழையென்று குறிக்கப்படும் சொற்களுக்கு ஒரு வரம்பு உண்டு. இயல்பாக அது 500. பிழைகள் அந்த எண்ணிக்கையை எட்டியதும், கணினி தடுமாறாமல் இருப்பதற்காக மேற்கொண்டு கோடிடுவதை மென்பொருள் நிறுத்திக்கொள்கிறது. உள்ளமைப்புகளில் இந்த எண்ணைக் கூட்டலாம் என்றாலும், உங்கள் மனுவுக்கு அது தீர்வாகாது. இன்னும் ஆயிரம் கோடுகள் விழும், அவ்வளவே. ரைட் கிளிக் மெனுவில் உள்ள 'ஆட் டு டிக்சனரி' என்பதை அழுத்தி ஒவ்வொரு கோடாகப் போக்க முனைந்திருந்தால் உடனே நிறுத்துங்கள். அரைப்புள்ளியும் எழுத்தும் கலந்த அந்தக் குப்பைகளெல்லாம் உங்கள் சொந்த அகராதியில் சரியான சொற்களாகச் சேர்ந்திருக்கும். அவற்றை நீக்கும் வழியைக் கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

இதைவிடப் பெரிய இடர், மனு போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. பெறுகிறவரின் கணினியிலோ கைபேசியிலோ பாமினி எழுத்துரு இல்லையென்றால் அவர் கண்ணில் படுவது அந்த ஆங்கிலக் குறிகள்தாம். சில ஆண்டுகளுக்கு முன், குன்னூரை அடுத்த ஊர் ஒன்றிலிருந்து பேருந்து பிடித்து வந்த முதியவர் ஒருவர், தாம் மின்னஞ்சலில் அனுப்பச் செய்த விண்ணப்பம் 'படிக்க இயலவில்லை' என்ற பதிலோடு திரும்பியதை அச்செடுத்துக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். தாள் முழுவதும் அரைப்புள்ளிகளாக இருந்தன. விண்ணப்பத்துக்கான கடைசி நாள் அதற்குள் கடந்துவிட்டிருந்தது. அன்று முதல் பழைய எழுத்துருவில் மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம் என்று கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லி வருகிறேன்.

தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. பாமினியில் உள்ளதை யூனிகோடாக மாற்றும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றும்போது ஒன்றில் மட்டும் விழிப்பாக இருங்கள்: மனுவின் இடையில் சர்வே எண்ணோடு வரும் ஆங்கில எழுத்துகள், மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலப் பெயர் ஆகியவை இருந்தால், மாற்றி அவற்றையும் பாமினி என்று எண்ணிப் பொருளற்ற தமிழாக்கிவிடும். அவற்றை முன்கூட்டியே தனியே எடுத்துவைத்து, மாற்றிய பிறகு உரிய இடத்தில் சேர்ப்பது பாதுகாப்பானது. புதிதாகத் தட்டுவதற்கு விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட அந்த முறை, பாமினி பழகிய விரல்களுக்குத் தொடக்கத்தில் தடுமாற்றம் தரும் என்பது உண்மைதான். ஆனாலும் உங்களைப் போல நாள்தோறும் தட்டுகிறவர்கள் அந்தத் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. கொடைக்கானலை அடுத்த பூம்பாறையில் விருந்தினர் தங்கும் வீடு நடத்துகிறோம். ஜிமெயிலைக் குரோமில் திறந்து பதில் எழுதுகிறேன். முன்பு சிவப்புக் கோட்டின் மேல் ரைட் கிளிக் செய்தால் திருத்தங்கள் வரும். மகன் ஏதோ ஒரு எழுத்து உதவிக் கருவியைச் சேர்த்த பிறகு மெனு வேறு மாதிரி வருகிறது, சில நேரம் வருவதே இல்லை. குரோமில் தமிழ் பிழைதிருத்தியை இயக்கப் பார்த்தேன், அதுவும் வேலை செய்யவில்லை. (பூம்பாறை வாசகி)

பதில்: மெனு யாருடையது என்ற கேள்வி மிகவும் பொருந்துவது உங்களுக்குத்தான் அம்மா. பிரவுசரில் ஜிமெயில் எழுதும்போது அந்த ஒரே பெட்டிக்குள் மூவர் வேலை செய்ய முடியும். குரோமுக்குத் தன்னுடைய பிழைதிருத்தி உண்டு. ஜிமெயிலுக்கும் தனியாக எழுத்துப்பிழை, இலக்கணப் பரிந்துரைகள் உண்டு. அவற்றை அதன் அமைப்புகளில் 'ஜெனரல்' பகுதியில் இயக்கவோ நிறுத்தவோ செய்யலாம். மூன்றாவதாக, உங்கள் மகன் சேர்த்த எக்ஸ்டென்ஷன். ஒருவர் மெனுவை விரிக்கும் முன் மற்றொருவர் தம் மெனுவை விரித்துவிட்டால் நீங்கள் சொல்லும் குழப்பமே நேரும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. குரோமில் இன்காக்னிடோ சாளரத்தைத் திறந்து அதில் ஜிமெயிலுக்குள் சென்று, வேண்டுமென்றே பிழையாக ஓர் ஆங்கிலச் சொல்லைத் தட்டி ரைட் கிளிக் செய்யுங்கள். நாம் தனியே அனுமதி கொடுத்திருந்தாலொழிய எக்ஸ்டென்ஷன்கள் அந்தச் சாளரத்தில் இயங்குவதில்லை. அங்கே திருத்தப் பட்டியல் ஒழுங்காக வந்தால், குற்றம் எக்ஸ்டென்ஷனுடையது. அதை நிறுத்திவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றினால் போதும். அங்கேயும் வராவிட்டால் குரோமின் 'செட்டிங்ஸ்', 'லாங்குவேஜஸ்' பகுதியில் பிழைதிருத்தி இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபயர்பாக்ஸில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு குறுக்குவழி உண்டு: ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால், இணையப் பக்கம் தன் மெனுவைத் திணிப்பதைத் தடுத்து, பிரவுசரின் மெனுவே விரியும்.

தமிழ் பிழைதிருத்தியை இயக்கியதும் குரோம் தமிழ் அகராதியை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் பகுதியில் சிக்னல் வந்து வந்து போகும் நேரத்தில் அந்த இறக்கம் பாதியில் நின்றிருக்கலாம். மொழிப் பட்டியலில் தமிழுக்கு எதிரே இறக்கம் தோல்வியுற்றதாக ஒரு குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இணைப்பு நன்றாக உள்ள வேளையில் தமிழை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள்.

அதே இடத்தில் 'பேசிக்', 'என்ஹான்ஸ்டு' என்று இரண்டு வகை தென்படும். இரண்டாவது வகையைத் தேர்ந்தெடுத்தால், பிரவுசரில் நீங்கள் தட்டும் உரை பிழை பார்ப்பதற்காகக் கூகுளுக்கு அனுப்பப்படும். விருந்தினர்களின் அடையாள அட்டை எண்களையும் பாஸ்போர்ட் விவரங்களையும் மடலில் எழுதுகிறவர் நீங்கள். முதல் வகையே போதும் என்பது என் கருத்து. எழுத்து உதவி எக்ஸ்டென்ஷன்களிலும் பல, உரையைத் தத்தம் சர்வருக்கு அனுப்பித்தான் திருத்துகின்றன என்பதை மகனுக்கும் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த மாதிரி மடலில், 'எங்கள் ஊர் மழைப்பூண்டு' என்று ஓரிடத்தில் இருந்தது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை விருந்தினருக்கு அறிமுகப்படுத்தும் வரி அது. பிழைதிருத்தி அங்கே உதவுமா என்றால், நம்ப முடியாது. 'மலை', 'மழை' இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள்; தனிச்சொல்லை மட்டும் பார்க்கும் கருவிக்கு நீங்கள் எதைச் சொல்ல வந்தீர்கள் என்பது தெரியாது. 'ல', 'ழ', 'ள' மயங்கும் இடங்களையும், 'ர', 'ற' மயங்கும் இடங்களையும், வல்லொற்று மிகும் இடங்களையும் அனுப்பும் முன் வாய்விட்டு ஒரு முறை படித்துப் பார்ப்பதைத் தவிர இப்போதைக்கு வேறு வழியில்லை.

கேள்வி: குன்னூரில் தேயிலை வணிக அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கணினியில் நிறுவிய பழைய வகை அவுட்லுக்தான் பயன்படுத்துகிறோம். அனுப்பும் முன் பிழை பார்க்கும்படி அமைத்திருந்தும், தலைப்பு வரிகளிலும் பதில் மடல்களிலும் வெளிப்படையான பிழைகள் தப்பிச் செல்கின்றன. சில நாள்களாக ரைட் கிளிக் செய்தால் மெனு வருவதற்குள் சாளரமே உறைந்துவிடுகிறது. (குன்னூர் வாசகர்)

பதில்: நீங்கள் அனுப்பிய மாதிரிகளில் தலைப்புகள் அனைத்தும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தன. முழுவதும் பெரிய எழுத்தில் உள்ள சொற்களையும், எண் கலந்த சொற்களையும் பிழை பார்க்காமல் விடுவது அவுட்லுக்கின் இயல்பான அமைப்பு. உங்கள் தொழிலுக்கு இது நன்மையும் செய்கிறது. பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். போன்ற தேயிலைத் தரக் குறியீடுகளின் கீழ் கோடு விழாமல் இருப்பது இதனால்தான். ஆனால் 'ரிசீவ்டு' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் 'ஈ', 'ஐ' இடம்மாற்றி எழுதினாலும் அது கண்டுகொள்ளப்படாது. 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'மெயில்' என்று சென்று 'ஸ்பெல்லிங் அண்ட் ஆட்டோகரெக்ட்' என்பதை அழுத்தினால், பெரிய எழுத்துச் சொற்களை விட்டுவிடும் கட்டத்தைக் காணலாம். அந்தக் கட்டத்தை நீக்குவதைவிட, தலைப்புகளைச் சாதாரண எழுத்தில் எழுதும் பழக்கத்துக்கு வருவதையே நான் பரிந்துரைப்பேன். படிக்கிறவருக்கும் அதுவே எளிது.

பதில் மடல்களைப் பொறுத்தவரை, வந்த மடலின் பகுதியைப் பிழை பார்க்காமல் விடும் அமைப்பு ஒன்று உண்டு. அதைவிட அடிக்கடி நான் காண்பது வேறொன்று. மாதிரிக் கடிதத்திலிருந்து ஒட்டிய பத்தியின் மேல் 'பிழை பார்க்க வேண்டாம்' என்ற குறி கண்ணுக்குத் தெரியாமல் ஏறியிருக்கும். அந்தப் பத்திக்குள் நீங்கள் தட்டும் புதிய சொற்களும் அதே குறியைச் சுமந்துகொள்ளும். கன்ட்ரோல் விசையோடு 'ஏ' அழுத்தி முழு மடலையும் தேர்ந்தெடுத்து, 'ரிவியூ' பகுதியில் 'லாங்குவேஜ்', அதனுள் 'செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ்' என்பதைத் திறந்து பாருங்கள். பிழை பார்க்க வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் இருந்தால் முழு மடலும் விலக்கப்பட்டிருக்கிறது; டிக் இல்லாமல் கட்டம் நிரம்பியது போல் தெரிந்தால் மடலின் ஒரு பகுதி மட்டும் விலக்கப்பட்டிருக்கிறது. கட்டம் முற்றிலும் வெறுமையாகும் வரை அதன் மேல் சொடுக்கி, 'ஓகே' கொடுங்கள். கையொப்பத்திலும் மாதிரிக் கடிதத்திலும் இதையே செய்து சேமித்துவைக்காவிட்டால் நாளைக்கு மீண்டும் வரும்.

உறைந்துபோவதற்கு, அவுட்லுக்கோடு சேர்த்த கூடுதல் கருவிகளான ஆட்-இன்கள் காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே அவுட்லுக் படவுருவைச் சொடுக்கினால், ஆட்-இன்கள் இல்லாமல் இயங்கும் சேஃப் மோடில் திறக்கலாமா என்று கேட்கும். அங்கே மெனு தடையின்றி விரிந்தால், வழக்கமான முறையில் திறந்து, ஆட்-இன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் குற்றவாளி எது என்று தெரியாமலே போகும்.

கேள்வி: மின்னஞ்சலில் மட்டுமல்ல, எந்த மென்பொருளிலும் ரைட் கிளிக் வேலை செய்யவில்லை. (கூடலூர் வாசகர்)

பதில்: அப்படியானால் மின்னஞ்சலை விட்டுவிட்டு மவுஸைப் பாருங்கள். ஷிஃப்ட் விசையோடு எஃப்10 அழுத்தும்போது மெனு விரிந்தால் மென்பொருளில் குறையில்லை. விண்டோஸ் அமைப்புகளில் மவுஸின் முதன்மைப் பொத்தான் வலப்பக்கமாக மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேறொரு மவுஸை இணைத்துச் சோதியுங்கள். பருவமழைக் காலத்தின் ஈரத்தில் பொத்தானின் சுவிட்ச் கெடுவது நம் மலைப்பகுதியில் வழக்கம்தான். மடிக்கணினியானால் டச்பேடில் இரண்டு விரல்களால் மெல்லத் தட்டுவது ரைட் கிளிக்குக்குச் சமம்.

கேள்வி: 'உதகமண்டலம்' என்ற சொல்லைப் பிழைதிருத்தியின் அகராதியில் சேர்த்தேன். ஆனாலும் 'உதகமண்டலத்தில்' என்று எழுதினால் கோடு விழுகிறது. அவசரத்தில் தவறான சொல் ஒன்றையும் சேர்த்துவிட்டேன். இப்போது அந்தப் பிழை எங்கே வந்தாலும் கோடு விழுவதில்லை. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள். (குன்னூர் வாசகி, தண்டர்பேர்ட்)

பதில்: நாம் கையால் சேர்க்கும் சொந்த அகராதி வெறும் சொற்பட்டியல். முதல் கேள்வியில் சொன்ன ஒட்டு விதிகள் அதற்குப் பொருந்துவதில்லை. எனவே 'உதகமண்டலம்' என்று சேர்த்தால் அந்த ஒரு வடிவத்தை மட்டுமே அது அறியும். 'உதகமண்டலத்தில்', 'உதகமண்டலத்துக்கு', 'உதகமண்டலத்திலிருந்து', 'உதகமண்டலத்தைச்' ஆகிய ஒவ்வொன்றும் அதற்குப் புதுச் சொல். 'தொட்டபெட்டா', 'கோத்தகிரி', 'பந்தலூர்', 'வட்டக்கானல்' முதலான நம் ஊர்ப் பெயர்களுக்கும், 'ஹட்டி' போன்ற படுகச் சொற்களுக்கும் இதே கதிதான். நான் செய்வது இது: அடிக்கடி எழுதும் ஊர்ப் பெயர்களை, நாள்தோறும் பயன்படுத்தும் நான்கைந்து வேற்றுமை வடிவங்களோடு ஒரு மடலில் வரிசையாகத் தட்டி, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சேர்த்துவிடுவது. கால் மணி நேர வேலை. அதன் பிறகு கோடு விழுந்தால் அதைப் பொருட்படுத்தலாம் என்ற நம்பிக்கை வருகிறது. எல்லா ஊர்ப் பெயரிலும் கோடு விழுந்துகொண்டிருந்தால், உண்மையான பிழையின் கீழ் விழும் கோட்டையும் கண் கடந்துபோய்விடுகிறது.

தவறான சொல்லை நீக்கும் வழிக்கு வருவோம். சேர்த்த உடனேயே தவறு தெரிந்தால், அதே இடத்தில் ரைட் கிளிக் செய்யும்போது சேர்த்ததைத் திரும்பப் பெறும் வரி மெனுவில் இருக்கும். நேரம் கடந்திருந்தால், மடல் சாளரத்தில் பிழை பார்க்கும் உரையாடல் பெட்டியைத் திறந்து, சொந்த அகராதிக்கு எதிரே உள்ள 'எடிட்' பொத்தானை அழுத்தி, பட்டியலில் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து நீக்கலாம். குரோமிலும் அவுட்லுக்கிலும் இதற்கு இணையான பட்டியல்கள் அவற்றின் பிழைதிருத்தி அமைப்புகளுக்குள் இருக்கின்றன.

உதகை வாசகருக்கு நேர்ந்தது போல நூற்றுக்கணக்கில் குப்பை சேர்ந்திருந்தால் ஒவ்வொன்றாக நீக்குவது ஆகாத காரியம். தண்டர்பேர்டின் 'ஹெல்ப்' மெனுவில் 'டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்பதைத் திறந்தால், உங்கள் புரொஃபைல் கோப்புறையைத் திறக்கும் பொத்தான் இருக்கும். கோப்புறை திறந்ததும் தண்டர்பேர்டை முழுமையாக மூடிவிடுங்கள்; இயங்கிக்கொண்டிருக்கும்போது திருத்தினால் மாற்றம் நிலைக்காமல் போகலாம். 'பெர்ஸ்டிக்ட்' என்ற பெயருள்ள கோப்புதான் சொந்த அகராதி. அதை முதலில் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, நோட்பேடில் திறந்தால், வரிக்கு ஒரு சொல்லாக இருப்பதைக் காண்பீர்கள். வேண்டாதவற்றை அழித்து, யூனிகோடுக்குரிய யூடிஎஃப்-8 முறையிலேயே சேமித்து மூடுங்கள். புதுக் கணினிக்கு மாறும்போது, நீங்கள் சேர்த்த ஊர்ப் பெயர்களையெல்லாம் உடன் கொண்டுபோவதற்கும் இந்த ஒரு கோப்பை நகலெடுத்தால் போதும். பிறகு தண்டர்பேர்டைத் திறந்து, நீக்கிய சொல்லைப் புதிய மடலில் தட்டிப் பாருங்கள். அதன் கீழ் கோடு மீண்டும் விழ வேண்டும்.